அக்காகிட்ட சொல்லலாமா?

(நமது கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில், குழுப் பிரதிநிதிகளுக்கும் தொழில் மையப் பொறுப்பாளர்களுக்கும் ஆற்றிய உரை. அன்று வர இயலாத உறுப்பினர்களும் படிக்க வேண்டும் என்பதற்காகப் பேசிய நடையிலேயே இங்கு தருகிறோம்.)



எனக்குக் கொடுத்திருக்கிற தலைப்பு "பணியிடத்தில் அணுகத்தக்க பெண் தலைமை". தலைப்பு கொஞ்சம் பயமுறுத்துகிற மாதிரி இருக்கிறது. ஆனால் விஷயம் சுலபம். நம் கீழே வேலை பார்க்கிற ஒரு பெண்ணுக்கு ஒரு கஷ்டம் வந்துவிட்டது, அல்லது அவள் கையால் ஒரு தப்பு நடந்துவிட்டது என்று வையுங்கள். "இதை அக்காகிட்ட சொல்லலாமா, வேண்டாமா?" என்று மனசுக்குள் ஒரு நிமிஷம் யோசிப்பாள் இல்லையா? அந்த நிமிஷத்தில் "சொல்லலாம்" என்று அவளுக்குத் தோன்றுகிற மாதிரி நாம் இருக்கிறோமா? இன்றைக்குப் பேச்சு அதைப் பற்றித்தான்.

இங்கே உட்கார்ந்திருக்கும் பலர் குழுவில் சேர்ந்த நாளில் சாதாரண உறுப்பினர்கள். இன்று ஒருவர் தையல் மையத்தின் பொறுப்பாளர். ஒருவர் கேண்டீன் நடத்துகிறார். சிலர் பள்ளியில் காலை உணவு சமைக்கிற குழுவுக்குப் பொறுப்பு. நான்கைந்து பேர் மில்லிலும் பனியன் கம்பெனியிலும் சூப்பர்வைசர். சந்தோஷம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். குழுவில் எல்லோரும் ஒரே சந்தா கட்டினோம், ஒரே பாயில் உட்கார்ந்தோம். வேலை இடத்தில் அப்படி இல்லை. ஒருத்தி வருகைப் பதிவேட்டில் குறிக்கிறாள், இன்னொருத்தி அந்தக் குறிப்பை நம்பிச் சம்பளம் வாங்குகிறாள். நேற்று வரை "ஏ புள்ள, எங்கடி போற?" என்று கூப்பிட்டவள் இன்று "மேடம்" என்கிறாள். அந்த "மேடம்" என்கிற வார்த்தை காதுக்கு இனிப்பாகத்தான் இருக்கும். ஆனால் அன்றைக்கே அவள் நம்மிடம் சொல்லாமல் விடுகிற விஷயங்களும் ஆரம்பித்துவிடுகின்றன.

நம் குழுக்களை ஆரம்பித்தவர்கள் இதை யோசித்துத்தான் சில பழக்கங்களை வைத்தார்கள். 1989-ல் தர்மபுரி மாவட்டத்தில், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு முதல் குழுக்கள் தொடங்கின. 1997-98-ல் மகளிர் திட்டமாக அது மாநிலமெங்கும் விரிந்தது. ஒரு குழுவுக்கு 12 முதல் 20 பேர் வரைதான், வட்டமாக உட்கார வேண்டும், பிரதிநிதிகளைச் சுழற்சி முறையில் மாற்ற வேண்டும் என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்தார்கள். வட்டமாக உட்காருவது ஏதோ போட்டோவுக்காக என்று பலர் நினைத்தோம். வட்டத்தில் தலைமாட்டு இடம் என்று ஒன்று கிடையாது. யார் முகத்தையும் யாரும் பார்க்கலாம், பக்கத்தில் இருப்பவளிடம் மெதுவாக ஒரு வார்த்தை சொல்லலாம். வேலை மையத்தில் வட்டம் போய்விடுகிறது. மெஷின்கள் வரிசையாக நிற்கின்றன, பொறுப்பாளருக்கு மேஜையும் நாற்காலியும் வந்துவிடுகின்றன. அதைத் தப்பென்று சொல்லவில்லை, கணக்கெழுத மேஜை வேண்டும்தானே. ஆனால் வட்டம் தானாகச் செய்துகொண்டிருந்த வேலையை இனி நாம் மெனக்கெட்டுச் செய்ய வேண்டியிருக்கிறது.

செய்யாவிட்டால் என்ன ஆகும்? ஒரு தையல் மையத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஊர் பெயர் வேண்டாம். பள்ளிச் சீருடை ஆர்டர். துணியை அடுக்கு அடுக்காக விரித்து மெஷினில் வெட்டுவார்கள், உங்களுக்குத் தெரியும். மார்க்கிங்கில் ஒரு அளவு மாறினால் அடுக்கு முழுக்க மாறிவிடும். அப்படிச் சட்டையின் கைப்பகுதி ஒரு சைஸ் சின்னதாக வெட்டுப்பட்டுவிட்டது. கை வைத்துத் தைக்கிற பெண்ணுக்குக் காலை பதினோரு மணிக்கே தெரிந்துவிட்டது, துணி எட்டவில்லை. சொல்லியிருக்கலாம். ஆனால் முந்தின நாள்தான் அவள் மெஷினில் ஊசி உடைந்ததற்கு, "தைக்கத் தெரியாதவளுக்கெல்லாம் எதுக்கு மெஷின்?" என்று பொறுப்பாளர் எல்லோர் முன்னாலும் கேட்டிருந்தார். அதனால் இவள் வாயே திறக்கவில்லை. இழுத்து இழுத்துத் தைத்தாள். சாயங்காலம் மூன்று மணிக்குச் செக்கிங் மேஜையில் பிடிபட்டபோது இரண்டு பண்டில் முடிந்திருந்தது. ஏழு பெண்கள் உட்கார்ந்து தையல் பிரித்தார்கள். கடைசி பஸ் போய்விட்டது. வீட்டில் சின்னப் பிள்ளைகள், ஒருத்திக்குக் கைக்குழந்தை.

கூடத்தில் பலர் தலையை ஆட்டுகிறீர்கள். இதை யாருடைய கணக்கில் எழுதுவது? வெட்டியவள் கணக்கிலா, மறைத்தவள் கணக்கிலா? என்னைக் கேட்டால் முந்தின நாள் கேட்ட அந்தக் கேள்வியின் கணக்கில்தான் எழுதுவேன். ஊசி பத்து ரூபாய்கூடப் பெறாது.

கெட்ட செய்தி நம் காதுக்குச் சீக்கிரம் வர வேண்டும். ஒருவரிடம் எளிதாகப் பேச முடிகிறதா என்பதை இதை வைத்துத்தான் பார்க்க வேண்டும். சிரித்துச் சிரித்துப் பேசுவதை வைத்தல்ல. சிரித்த முகமாகவே இருக்கிற சிலரிடம் ஒரு விஷயமும் சொல்ல முடியாது. சொன்னால் அடுத்த தெருவுக்கு முதலில் போய்விடும். கறாராகப் பேசுகிற சிலரிடம் போய் அழுதுவிட்டு வரலாம், அது அங்கேயே இருக்கும்.

கடன் விஷயத்துக்கு வருகிறேன், இதில் உயிரே இருக்கிறது. ஒரு உறுப்பினர் தவணைப் பணத்தை மகள் கையில் கொடுத்து அனுப்புகிறார். கூட்டத்துக்கு வந்தாலும் வாசல் பக்கம் உட்கார்ந்து, கையெழுத்துப் போட்டவுடன் எழுந்து போகிறார். "அவளுக்குத் தலைக்கனம்" என்று நாம் பேசிக்கொள்கிறோம். விசாரித்தால் நம் குழுக் கடன் போக, வெளியே மைக்ரோ பைனான்ஸ் கம்பெனிகளில் இரண்டு மூன்று கடன் இருக்கும். ஒன்றைக் கட்ட இன்னொன்று. வாசலில் வசூல்காரர் உட்கார்ந்திருப்பார். வீட்டுக்காரருக்குப் பாதிதான் தெரியும். அந்தப் பெண் மூன்று மாதம் முன்னால் ஊக்குநரிடம் சொல்லியிருந்தால் தவணையை மாற்றி அமைக்க வங்கியில் பேசியிருக்கலாம், உள்கடனில் கொஞ்சம் உதவியிருக்கலாம்.

இன்னொன்றும் அவரிடம் சொல்லியிருக்கலாம். ரிசர்வ் வங்கி 2022-ல் மைக்ரோ பைனான்ஸ் கடனுக்கு விதிமுறை வகுத்தது. ஒரு குடும்பம் கட்டுகிற எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டுகிற மாதிரி கடன் கொடுக்கக் கூடாது. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் போன் செய்து தொந்தரவு செய்யக் கூடாது. கெட்ட வார்த்தை பேசக் கூடாது, சொந்தக்காரரையும் கூட வேலை பார்ப்பவரையும் தொல்லை செய்யக் கூடாது, கடன்காரர் பெயரை வெளியிடக் கூடாது. இதெல்லாம் தெரியாமல்தான் ராத்திரி எட்டு மணிக்கு வாசலில் நிற்கிறவனைப் பார்த்து நம் பெண்கள் நடுங்குகிறார்கள்.

பெயரை வெளியிடுவது என்றதும் எனக்கு நம் வாட்ஸ்அப் குழுக்கள் ஞாபகம் வருகின்றன. "இந்த மாதம் தவணை கட்டாதவர்கள்" என்று பட்டியல் போட்டு, பெயருக்குப் பக்கத்தில் சிவப்புப் புள்ளி வைக்கிறோமே! கம்பெனிக்காரன் செய்தால் கூடாது என்று சட்டம் சொல்வதை, நாம் நம் அக்கா தங்கச்சிக்குச் செய்யலாமா? அந்தப் பட்டியலில் ஒரு தடவை பெயர் வந்தவள் அப்புறம் எந்தக் கஷ்டத்தையும் நம்மிடம் சொல்ல மாட்டாள். போன் போட்டுத் தனியாகக் கேளுங்கள். இரண்டு நிமிஷம் செலவாகும், அவ்வளவுதான்.

சரி, ஒருத்தி துணிந்து வந்துவிட்டாள். "அக்கா, ஒரு நிமிஷம் பேசணும்" என்கிறாள். அப்போது நாம் செய்வதுதான் அவள் அடுத்த தடவை வருவாளா இல்லையா என்பதைத் தீர்மானிக்கிறது. கையில் இருக்கிற வேலையையும் போனையும் கீழே வையுங்கள். முடியாத நேரம் என்றால், "இப்ப லோடு ஏத்துறாங்க, ஒரு மணிக்கு வா, நாம ரெண்டு பேரும் அந்த வேப்பமரத்தடியில உக்காந்து பேசலாம்" என்று நேரமும் இடமும் சொல்லுங்கள். "அப்புறம் பார்க்கலாம்" என்றால் அவள் வர மாட்டாள். பேசத் தொடங்கியதும் "இதை ஏன் முன்னாடியே சொல்லல?" என்று மட்டும் கேட்காதீர்கள். நமக்கு உடனே வாயில் வருவது அந்தக் கேள்விதான். அவள் எவ்வளவு நாள் யோசித்து இன்றைக்கு வந்தாளோ! முன்னாடியே சொல்லாததற்குக் காரணம் நாமாகவும் இருக்கலாம். முழுக்கக் கேட்டுவிட்டு, "நான் என்ன செய்யணும்னு நினைக்கிற?" என்று கேளுங்கள். சில பேருக்கு ஒன்றும் செய்ய வேண்டாம், சொன்னால் போதும். சிலருக்கு ஒரு நாள் லீவு. நாமாக ஒரு தீர்ப்பை எழுதி வைத்துக்கொண்டு கேட்கக் கூடாது.

சொன்னதற்குப் பதில் போக வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்று ஒருத்தி சொன்னாள். முதலாளியிடம் பேசினீர்கள், அவர் அடுத்த மாதம் என்றார். அதையாவது அவளிடம் போய்ச் சொல்லுங்கள். "கேட்டேன், அடுத்த மாசம்னாங்க, திரும்பவும் கேப்பேன்." இதுகூட இல்லாவிட்டால், சொல்லிப் பிரயோஜனம் இல்லை என்று அவள் எல்லோரிடமும் சொல்லிவிடுவாள். அதுவும் நியாயம்தான்.

இப்போது சிலர் மனசில் ஒரு கேள்வி ஓடும். இப்படி இறங்கிப் போனால் வேலை நடக்குமா, தலையில் ஏறி உட்கார மாட்டார்களா? ஆண் சூப்பர்வைசர் சத்தம் போட்டால் "கண்டிப்பானவர்" என்கிறார்கள். நாம் சத்தம் போட்டால் "வாயாடி, திமிர் புடிச்சவ". பொறுமையாகப் பேசினால் "ஏமாளி". எந்தப் பக்கம் போனாலும் ஒரு பெயர் தயாராக இருக்கிறது. அதனால் பெயரைப் பற்றிக் கவலைப்படுவதை விட்டுவிடலாம் என்பது என் அபிப்பிராயம். ஆண்கள் குரலை இரவல் வாங்கிக் கத்தவும் வேண்டாம், எல்லாவற்றுக்கும் "சரி சரி" என்று தலையாட்டவும் வேண்டாம்.

எளிதாகப் பேச முடிகிற தலைவி "முடியாது" என்றும் சொல்வாள். அரை நாள் வந்துவிட்டு முழு நாள் குறிக்கச் சொன்னால் முடியாது. ஆனால் காரணத்தைச் சொல்லி முடியாது என்பாள். கொழுந்தியாள் கேட்டாலும் அதே பதில்தான் சொல்வாள். இங்கேதான் பல மையங்கள் சறுக்குகின்றன. பொறுப்பாளரின் நாத்தனாருக்கு ஒரு சட்டம், கடைசி மெஷினில் இருப்பவளுக்கு ஒரு சட்டம் என்று ஒரு முறை தெரிந்துவிட்டால் போதும். அப்புறம் நாம் எவ்வளவு அன்பாகப் பேசினாலும் ஒருத்தியும் நம்பி வர மாட்டாள்.

இன்னொரு சங்கடமான விஷயம். கடந்த ஆறு மாதத்தில் உங்களிடம் தானாக வந்து பேசியவர்கள் யார் யார் என்று வீட்டுக்குப் போய் யோசித்துப் பாருங்கள். பெரும்பாலும் நம் தெரு, நம் சொந்தம், நம் சாதி. காலனியிலிருந்து வருகிற பெண்கள் எத்தனை பேர்? வீட்டுக்காரர் இறந்துபோனவர், காது கேளாதவர், அசாமிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் மில்லுக்கு வந்திருக்கிற, தமிழ் பேசத் தெரியாத பிள்ளைகள், இவர்களில் எத்தனை பேர்? டீ வந்தால் யார் டம்ளரில் யார் குடிக்கிறார்கள் என்பதை அந்தப் பெண்கள் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். வாயால் "எல்லாரும் ஒண்ணுதான்" என்று நூறு தடவை சொல்லலாம். நாம் அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்திருக்கிறோமா என்பதைத்தான் அவர்கள் பார்ப்பார்கள். வராதவரைத் தேடி நாம்தான் போக வேண்டும்.

இனிச் சொல்லப்போவதற்குக் கொஞ்சம் கவனம் கொடுங்கள். வேலை இடத்தில் பாலியல் தொல்லை. இது ஒரு பெண்ணால் கடைசியாகத்தான் சொல்ல முடிகிற விஷயம்.

ராஜஸ்தானில் பன்வாரி தேவி என்று ஒருவர். நம் ஊக்குநர் மாதிரி, அங்கே அரசின் பெண்கள் மேம்பாட்டுத் திட்டத்தில் "சாத்தின்", அதாவது தோழி, என்ற பெயரில் ஊர் ஊராய் வேலை பார்த்தவர். 1992-ல் ஒரு குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போனதற்காக அவர் கூட்டு வன்கொடுமைக்கு ஆளானார். வேலை செய்ததற்காக நடந்த கொடுமை அது. அதைத் தொடர்ந்து பெண்கள் அமைப்புகள் உச்ச நீதிமன்றம் போயின. 1997-ல் விசாகா தீர்ப்பு வந்தது. 2013-ல் சட்டமே வந்தது. அந்தச் சட்டத்துக்குப் பின்னால் இருப்பவர் நம்மைப் போல ஒரு களப்பணியாளர் என்பதை இங்கே பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள்.

அந்தச் சட்டப்படி பத்து பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கிற எந்த இடத்திலும் உள்புகார்க் குழு இருக்க வேண்டும். அதன் தலைவர் அங்கே வேலை பார்க்கிற மூத்த பெண்ணாக இருக்க வேண்டும். உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் புகார் எழுத்தில் கொடுக்க வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் கூட்டலாம். விசாரணையை 90 நாளில் முடிக்க வேண்டும். பத்து பேருக்குக் குறைவான இடம் என்றாலோ, முதலாளி மேலேயே புகார் என்றாலோ மாவட்ட அளவில் இருக்கிற உள்ளூர்க் குழுவிடம் போகலாம். வீட்டு வேலை செய்கிற பெண்களும் போகலாம்.

எழுதத் தெரியாதவள் என்ன செய்வாள்? அவள் புகாரை எழுத்தில் கொண்டுவர உதவ வேண்டியது குழுத் தலைவரின் கடமை என்று சட்டமே சொல்கிறது. புகார் கொடுத்தவர் பெயரை வெளியே சொல்லக் கூடாது. "பணம் வாங்கிக்கிட்டு விட்டுரும்மா" என்று சமாதானம் பேசக் கூடாது. அந்தப் பெண்ணே கேட்டால்தான் சமாதானப் பேச்சு, அதிலும் பணத்துக்கு இடமில்லை. நம் ஊரில் பெரியவர்கள் உட்கார்ந்து பேசி முடிக்கிற பழக்கம் இருக்கிறதே, அதை இதில் நுழைய விடாதீர்கள்.

ஆனால் சட்டப் பலகை சுவரில் தொங்கினால் மட்டும் பெண்கள் வந்து சொல்லிவிடுவதில்லை. 2021 ஜனவரியில் திண்டுக்கல் பக்கம் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஒரு இளம்பெண் கொலை செய்யப்பட்டார். அங்கே மேற்பார்வையாளராக இருந்தவர் கைதானார். அதற்குப் பிறகு பெண்கள் தலைமையில் நடக்கிற தொழிற்சங்கம் போராடி, 2022 ஏப்ரலில் கம்பெனியோடும் துணி வாங்குகிற வெளிநாட்டு நிறுவனங்களோடும் திண்டுக்கல் ஒப்பந்தம் போட்டது. அதில் ஒரு ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. 25 தொழிலாளிக்கு ஒருவர் என்ற கணக்கில், கூடவே வேலை பார்க்கிற பெண்களையே கண்காணிப்பாளர்களாகப் பயிற்சி கொடுத்து வைத்தார்கள். ஏன்? ஏ.சி. அறைக் கதவைத் தட்டி உள்ளே போய்ச் சொல்வதற்கு ஒரு பெண்ணுக்குத் தைரியம் வராது. பக்கத்து மெஷின் அக்காவிடம் சாப்பாட்டு நேரத்தில் சொல்லிவிடுவாள். அந்தப் பக்கத்து மெஷின் அக்காதான் நீங்கள்.

அப்படி ஒருத்தி வந்து சொன்னால் "நிஜமாவா? அவரா அப்படி?" என்று கேட்டுவிடாதீர்கள். நம்புகிறேன் என்று காட்டுங்கள். தேதி, நேரம், யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று அவளையே குறித்து வைக்கச் சொல்லுங்கள். அவள் சம்மதம் இல்லாமல் அவள் வீட்டுக்குச் சொல்லாதீர்கள். வீட்டில் தெரிந்தால் வேலையை நிறுத்திவிடுவார்கள் என்பதே அவளுக்குப் பெரிய பயமாக இருக்கும். உடனே உதவி வேண்டும் என்றால் பெண்கள் உதவி எண் 181 இருக்கிறது. இரவு பகல் எந்த நேரமும் அழைக்கலாம்.

முடிப்பதற்கு முன் உங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. எல்லோர் கஷ்டத்தையும் காதில் வாங்கினால் ராத்திரி தூக்கம் போகும். "நான் வீட்டுல சோறாக்குறதா, இவங்க கதையைக் கேக்குறதா?" என்று ஒரு ஊக்குநர் கேட்டார். உண்மைதான். அதனால் நேரம் வகுத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டு இடைவேளையில் இருபது நிமிஷம், சாயங்காலம் கிளம்பும் முன் பத்து நிமிஷம் என்று எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வையுங்கள். ராத்திரி போன் அவசரத்துக்கு மட்டும். உங்களிடம் பேசத் தயங்குகிறவர்களுக்கு இரண்டாவதாக ஒருத்தியைக் காட்டுங்கள். உங்களுக்குப் பிடிக்காதவளாக இருந்தாலும் பரவாயில்லை, அவளிடமாவது போய்ச் சொல்லட்டும். உங்கள் மேலேயே குறை இருந்தால் அதையும் எங்காவது சொல்ல இடம் வேண்டுமே! அதற்குத்தான் மாதாந்திரக் கூட்டத்தில் கூட்டமைப்பு நிர்வாகிகளில் ஒருவர் சுழற்சி முறையில் ஒவ்வொரு மையத்துக்கும் வர வேண்டும் என்று இன்று தீர்மானம் கொண்டுவருகிறோம். பொறுப்பாளர் அரை மணி நேரம் வெளியே இருக்க, அவர் மற்றவர்களோடு உட்கார்ந்து பேசுவார். இதில் மனவருத்தம் இருக்கிறவர்கள் தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துப் போடும் முன் இப்போதே சொல்லுங்கள்.

சாப்பாடு தயாராக இருக்கிறது என்று ஜாடை காட்டுகிறார்கள். மதியம் பதிவேட்டுப் பயிற்சி இருப்பதால் கேள்வி நேரம் குறைவு. மைக் முன்னால் வந்து கேட்கக் கூச்சமாக இருப்பவர்கள் பந்தியில் என் பக்கத்தில் வந்து உட்காருங்கள், சாப்பிட்டுக்கொண்டே பேசலாம்.